புயலுக்குப் பெயர் வைப்பது யார், தரம் பிரிப்பது எப்படி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி முடிந்து வாடை ஏறத் தொடங்கினால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. புவியியல் படிப்பித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக ஊரில் யாருக்கு மழைச் சந்தேகம் வந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். நான் எதிர்வுகூறுபவன் இல்லை, அந்த வேலை வளிமண்டலவியல் திணைக்களத்தினுடையது. ஆனால் வருடாவருடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

தாழமுக்கம் என்கிறார்கள், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்கிறார்கள், புயல் என்கிறார்கள், சூறாவளி என்கிறார்கள். இதெல்லாம் ஒன்றா, வேறா?

பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது, அதற்குக் காரணம் வானிலை இல்லை, நாங்கள் இரண்டு நாட்டுச் செய்திகளையும் ஒரே நேரத்தில் கேட்பதுதான். இலங்கைத் தமிழில் 'அமுக்கம்', தமிழ்நாட்டில் 'அழுத்தம்'. எங்கள் வானொலி 'தாழமுக்கம்' என்று சொல்வதைத்தான் சென்னைத் தொலைக்காட்சி 'காற்றழுத்தத் தாழ்வு' என்கிறது. நாங்கள் 'சூறாவளி' என்பது அவர்களுக்குப் 'புயல்'. காலையில் கொழும்பு அறிக்கையும் மத்தியானம் சென்னை அறிக்கையும் கேட்டுவிட்டு "அண்ணை, இரண்டு வருகுதாம்" என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். இரண்டும் ஒன்றுதான், தமிழ்தான் இரண்டு.

ஆனால் தாழமுக்கமும் சூறாவளியும் ஒன்றல்ல. கடலில் சூடான நீருக்கு மேல் அமுக்கம் குறைந்து, காற்று உள்ளே இழுபட்டு, சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சி பலம் கூடக் கூட ஒவ்வொரு படியாக ஏறும். பிறக்கும் தாழமுக்கங்களில் பலதும் கீழ்ப்படிகளிலேயே கலைந்துவிடும்.

சரி, எந்த வேகத்தில் என்ன தரம்?

வங்காள விரிகுடாவுக்கும் அரபிக்கடலுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல்தான் நடப்பில் உள்ளது. மையத்தைச் சுற்றி வீசும் காற்றின் வேகத்தை, 3 நிமிடச் சராசரியாக எடுத்துப் பிரிக்கிறார்கள். மணிக்கு 31 கிலோமீற்றருக்குக் கீழே இருந்தால் வெறும் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டதும் புயல். 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல், 166இல் அதி தீவிரப் புயல், 221க்கு மேலே போனால் சூப்பர் புயல்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, 62ஐ மட்டும் நினைவில் வைத்திருங்கள். கடலோடிகளின் கணக்கில் அது 34 நொட். (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர்.) அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் பெயர் விழுகிறது.

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளுவிசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 60இல் வேலிக் கிடுகைத் தூக்குகிற காற்று 120இல் கூரையையே கேட்கும்.

பெயரை யார் வைக்கிறார்கள்? கொழும்பா, டெல்லியா?

வைக்கிற அதிகாரம் டெல்லிக்கு, பெயர்ப் பட்டியல் எல்லோருக்கும் பொது. உலக வானிலை அமைப்பு உலகக் கடல்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு மையம் வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு அது டெல்லி. வட இந்து சமுத்திரத்தில் எந்தச் சுழற்சி 34 நொட்டைத் தொட்டாலும், பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரை டெல்லி எடுத்து ஒட்டும். புயல் எந்த நாட்டை நோக்கிப் போகிறது என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. "யேமன்காரன் ஏன் எங்கட புயலுக்குப் பெயர் வைக்கிறான்" என்று கோபப்படுவதில் பயனில்லை, அன்றைக்கு வரிசையில் நின்றது யேமன் கொடுத்த பெயர், அவ்வளவுதான்.

இந்தப் பெயரிடலுக்கு 2000ஆம் ஆண்டில் இணங்கினார்கள், நடைமுறைக்கு வந்தது 2004 செப்டெம்பரில். முதல் பெயர் 'ஒனில்', பங்களாதேஷ் கொடுத்தது. அப்போது எட்டு நாடுகள்: பங்களாதேஷ், இந்தியா, மாலைதீவு, மியன்மார், ஓமான், பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து. ஆளுக்கு எட்டு, மொத்தம் 64 பெயர். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் 2020 மே மாதம் வந்த 'அம்பன்'. அதற்குள் ஈரான், கட்டார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், யேமன் ஆகியவையும் சேர்ந்து 13 நாடுகளாகி, ஆளுக்கு 13 வீதம் 169 பெயர் கொண்ட புதுப் பட்டியல் 2020 ஏப்ரலில் வெளியானது. வருடத்துக்கு நாலைந்து செலவானாலும் 30 வருடத்துக்கு மேல் தாங்கும்.

இலங்கை கொடுத்த பெயரில் புயல் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போயிருக்கிறது. 2018 நவம்பரில் வேதாரணியம் பக்கம் கரையேறி, டெல்டா மாவட்டங்களின் தென்னைகளை வேரோடு சாய்த்த 'கஜா' இலங்கை கொடுத்த பெயர். யானை! பருத்தித்துறையில் நின்று கடலைப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் வேதாரணியம். நாங்கள் கொடுத்த யானை நேரே அங்கே போய் இறங்கியது. 2022 மே மாதம் ஆந்திரக் கரையோரம் போன 'அசனி'யும் இலங்கையின் பெயர்தான். அது தமிழிலும் பழைய சொல், இடி என்று பொருள். 2025 ஒக்டோபரில் அரபிக்கடலில் திரிந்த 'சக்தி'யும் அப்படியே.

ஒரு புயலின் பெயரைப் பாதியில் மாற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மை, அதுவும் இலங்கையின் பெயரைத்தான். 2013 மே மாதம் இலங்கையின் முறை வந்தது, பட்டியலில் இருந்த பெயர் 'மகாசேன்'. மின்னேரியாக் குளத்தைக் கட்டிய அரசனின் பெயர். குளம் கட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவனின் பெயரை, ஊரை அழிக்கிற ஒன்றுக்கு வைப்பதா என்று தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் பெயர் 'வியாரு' என்று மாறியது. வரலாற்றில் மகாசேனனைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை என்பது வேறு கதை. ஆனால் அந்த எதிர்ப்பில் ஒரு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பட்டியல் அனுப்பும்போது யோசித்திருக்கவேண்டிய விசயம் அது.

பெயருக்கு விதிமுறை உண்டா? என் பேத்தியின் பெயரைக் கொடுக்கலாமா?

ஆங்கில எழுத்தில் எட்டைத் தாண்டக்கூடாது, சொல்லச் சுலபமாக இருக்கவேண்டும், உச்சரிப்பையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அரசியல், மதம், பண்பாடு, ஆண் பெண் என்று எந்தப் பக்கமும் சாயக்கூடாது, ஒரு சனக்கூட்டத்தின் மனதையும் புண்படுத்தக்கூடாது. அதனால்தான் இங்கே பூ, பறவை, மரம், ஆறு, மின்னல் என்று பெயர்கள் வருகின்றன. 'புரெவி' என்பது மாலைதீவில் வளரும் ஒருவகைக் கண்டல் மரம். 'வர்தா' ரோஜா. 2008இல் மியன்மாரில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோன 'நர்கிஸ்' கூட ஒரு பூவின் பெயர்தான். பெயர் மெல்லியதாக இருக்கிறதே என்று ஆறுதல்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பேத்தியின் பெயரைக் கொடுத்தாலும் இனி இடமில்லை. 169உம் நிரம்பிவிட்டது.

பெயர் எதற்கு? முன்பெல்லாம் பெயர் இல்லாமலே புயல் வந்து போனதே?

வந்தது, போனது, ஆனால் அதைப் பற்றிப் பேசுவது கஷ்டமாக இருந்தது. 1964 டிசெம்பர் 22, 23இல் வட இலங்கையைக் குறுக்கறுத்து, பாம்பன் பாலத்தை உடைத்து, தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து அழித்த புயலுக்குப் பெயர் கிடையாது. இன்றும் எங்கள் பெரியவர்கள் 'அறுபத்திநாலுப் புயல்' என்றுதான் சொல்வார்கள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சிதைத்தது 'எழுபத்தெட்டுச் சூறாவளி'. ஆண்டை வைத்து அடையாளம் சொல்வது நடந்து முடிந்ததற்குச் சரி. கடலில் ஒரே வாரத்தில் இரண்டு சுற்றிக்கொண்டிருந்தால்? 2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையில் 'சென்யார்', இலங்கைக்குப் பக்கத்தில் 'டித்வா'. பெயர் இல்லாவிட்டால் வானொலிக்காரர் அகலக்கோடு நெடுங்கோடு சொல்லித்தான் பிரித்துக்காட்ட வேண்டும், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே யாருக்கு அது காதில் ஏறும்?

பெயரிடும் பழக்கம் புதிதும் இல்லை. கரீபியன் தீவுகளில் புயல் வந்த நாளுக்குரிய புனிதரின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் கிளெமென்ட் ராக் என்ற வானிலையாளர் தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயரைப் புயலுக்கு வைத்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார். இந்த வசதி இப்போது இல்லாதது எங்களுக்குப் பெரிய இழப்பு. அமெரிக்கர்கள் 1953 முதல் பெண் பெயர்களாகவே வைத்தார்கள், எதிர்ப்பு வந்தபின் அத்திலாந்திக்கில் 1979இல் இருந்து ஆணும் பெண்ணுமாக மாறி மாறி வருகிறது.

எங்கள் கடலோடிகளைக் கேட்டால் இன்னும் பழைய கதை சொல்வார்கள். தெற்கிருந்து சோளகம், வடக்கிருந்து வாடை, கிழக்கிருந்து கொண்டல், மேற்கிருந்து கச்சான் என்று காற்றுக்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. மயிலிட்டியில் ஒரு சம்மாட்டி என்னிடம் சொன்னது: "மாஸ்டர், புயலுக்குப் பெயர் டெல்லிக்காரன் வைக்கட்டும், காற்றுக்கு நாங்கள் வைத்திட்டம்."

ஃபெங்கலா, ஃபெஞ்சலா? மிச்சாங்கா, மிக்ஜாமா?

உலக வெப்பமயமாதலை விடவும் எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான்! பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உச்சரிப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் செய்தியறையில் ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் முதலில் எழுதுகிறார்கள். சவூதி கொடுத்த பெயரைப் பார்த்த மாத்திரத்தில் 'ஃபெங்கல்' என்று எழுதினோம், உச்சரிப்புக் குறிப்பின்படி அது 'ஃபெஞ்சல்'. மியன்மார் கொடுத்ததைப் பார்த்து 'மிச்சாங்' என்றோம், அது 'மிக்ஜாம்'. இரண்டு நாளில் பத்திரிகைகள் திருத்திக்கொள்ளும், அதற்குள் முதல் பெயர் ஊருக்குள் பரவிவிடும். ஊரில் நிலைத்த பெயர்தான் பெயர், நானும் கீழே ஃபெங்கல் என்றே எழுதப்போகிறேன்.

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றும் வேறு வேறா?

ஒன்றேதான், கடல்தான் வேறு. அத்திலாந்திக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், எங்களிடம் சைக்ளோன். ஹரிக்கேன் என்ற சொல் கரீபியன் தீவுகளின் பழங்குடிகளான டைனோக்களிடமிருந்து வந்தது. சைக்ளோன் என்ற சொல்லோ எங்கள் விரிகுடாவின் கரையிலேயே பிறந்தது. 1840களில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பு சுருண்டு கிடப்பதுபோலக் காற்று சுழல்கிறது என்று கண்டு, கிரேக்கச் சொல்லில் இருந்து இதை உருவாக்கினார். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: ஹரிக்கேன், டைஃபூன் என்று சொல்ல 64 நொட் வேண்டும். அதற்குக் கீழே அவர்களுக்கு அது வெப்பமண்டலப் புயல் மட்டுமே, ஆனால் பெயர் 34 நொட்டிலேயே வைத்துவிடுவார்கள்.

சுழலும் திசை பூமத்திய ரேகைக்கு வடக்கே எங்கும் ஒன்றே, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். தெற்கே போனால் மாறும்.

அப்போ இந்த 'கட்டகரி 5' என்பது?

அது அமெரிக்க அளவுகோல். கட்டடப் பொறியியலாளர் ஹெர்பர்ட் சாஃபிரும் வானிலையாளர் ரொபர்ட் சிம்ப்சனும் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. 119 கிலோமீற்றரில் கட்டகரி 1 தொடங்கி, 252இல் கட்டகரி 5. எங்கள் பக்கத்து அறிக்கைகளில் இது வராது. ஆனால் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் வெளிநாட்டு உறவினர்களின் குரல் பதிவுகளிலும் வரும், "கட்டகரி ஒண்டாம் தம்பி, கவனம்" என்று கனடாவிலிருந்து.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரி எடுக்கிறார்கள், டெல்லி 3 நிமிடம், ஜப்பான் 10 நிமிடம். காற்று ஒரே வேகத்தில் வீசுவதில்லை, விட்டு விட்டு அடிக்கும். குறுகிய நேரத்துக்குச் சராசரி எடுத்தால் எண் கூடும், நீண்ட நேரத்துக்கு எடுத்தால் குறையும். அதனால் ஒரே புயலுக்கு மூன்று இடத்தில் மூன்று வேகம் பார்த்தால் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

கடலுக்குள் யார் போய்க் காற்றை அளக்கிறார்கள்?

அத்திலாந்திக்கில் உண்மையிலேயே விமானத்தில் போய்ப் புயலுக்குள் நுழைந்து கருவியைப் போட்டுவிட்டு வருகிறார்கள். இங்கே பெரும்பாலும் செய்மதிப் படம்தான். அமெரிக்கரான வேர்னன் டுவோராக் 1970களில் வகுத்த முறைப்படி, முகில் எவ்வளவு இறுகச் சுருண்டிருக்கிறது, நடுவில் கண் என்கிற முகிலற்ற வட்டம் தெரிகிறதா, மையத்தைச் சுற்றி எவ்வளவு குளிர்ந்த முகில் என்றெல்லாம் பார்த்து ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண் 2.5க்கு வந்தால் ஏறக்குறைய 35 நொட், புயல் என்று அறிவிக்கலாம். கப்பல், மிதவை, கரைக்குக் கிட்ட வந்தபின் ராடார் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் இது மதிப்பீடு, தராசில் நிறுத்த எடை இல்லை. 58க்கும் 63க்கும் இடையில் நிற்கிற ஒன்றை ஒருவர் ஆழ்ந்த தாழமுக்கம் என்பார், இன்னொருவர் சூறாவளி என்பார். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே தெரியும்.

"பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்றால் புயல் மூன்றாம் தரமா?

இல்லை, இல்லை. கூண்டு என்பது தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் கப்பல்களுக்கும் வள்ளங்களுக்கும் காட்டும் அடையாளம். புயலின் பலத்தை அது சொல்வதில்லை, அந்தத் துறைமுகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்கிறது. 1உம் 2உம் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஒரே புயலுக்குச் சென்னையில் 1, நாகப்பட்டினத்தில் 7 என்று இருக்கலாம்.

டித்வா வெறும் சாதாரணப் புயல்தானே, பிறகு ஏன் அவ்வளவு அழிவு?

இதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

2019இல் அரபிக்கடலில் 'கியார்' என்று ஒரு சூப்பர் புயல் வந்தது. உச்சப் படி. நினைவிருக்கிறதா? பலருக்கு இருக்காது, நடுக்கடலிலேயே சுற்றி ஓய்ந்துவிட்டது. 2025 நவம்பர் 28இல் கிழக்கிலங்கையில் ஏறிய டித்வா, அளவுகோலில் 'புயல்' என்ற முதல் படியைத் தாண்டவே இல்லை. ஆனால் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, அவற்றில் மிகப் பல மலையகத்து மண்சரிவுகளில் போனவை.

ஏனென்றால் அளவுகோல் அளப்பது காற்றை மட்டும். மழையை அது அளப்பதில்லை. எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எத்தனை மணிநேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டப்போகிறது, முதல் வாரமே ஊறிக் கிடக்கிற மண்ணா, மலைச்சரிவா, ஒன்றும் அதில் இல்லை. அமெரிக்க அளவுகோலிலும் முதலில் கடல்நீர் ஏற்றம் சேர்த்திருந்தார்கள், 2010இல் அதையும் எடுத்துவிட்டார்கள், காற்றோடு அது சரியாகப் பொருந்தவில்லை என்று. டித்வா தரையின்மேல் அவசரமில்லாமல், கிழக்குப் பக்கமாக வடக்கு நோக்கி ஊர்ந்து, எங்கள் பக்கத்தால் கடலுக்கு இறங்கியது. அந்த மெதுமைதான் ஆளைக் கொன்றது.

"சின்னப் புயல்தானாம்" என்று அன்றைக்கு என்னிடமும் ஒருவர் சொன்னார். தரப் பெயரைக் கேட்டு ஆறுதல்பட்டிருக்கிறார். குற்றம் அவர்மேல் இல்லை, செய்தியை நாங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்: பெயர், தரம், வேகம், எங்கே கரை கடக்கும். எத்தனை மில்லிமீற்றர் என்பது ஐந்தாவது வரியில் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லையே, எங்களுக்கு என்ன?

மலை இல்லை, ஆனால் வழிந்தோட வழியும் இல்லை. குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல். ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்று, அதுவும் மழைக்காலத்தில் மட்டும். தண்ணீர் நிலத்துக்குள் இறங்கவேண்டும், அல்லது குளம், வாய்க்கால், மதகு வழியாக ஏரிக்கும் கடலுக்கும் போகவேண்டும். குளத்தைத் தூர்த்து வளவாக்கி, வாய்க்காலுக்கு மேல் மதில் எழுப்பிவிட்டால் அது எங்கே போகும்?

2008 நவம்பரில் 'நிஷா' வந்தது. அதுவும் முதல் படிப் புயல்தான், கரை கடந்தது காரைக்கால் பக்கம். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 1918க்குப் பிறகு அப்படி ஒரு மழை இல்லை என்றார்கள். 2020 டிசெம்பரில் 'புரெவி' திருகோணமலைக்கு வடக்கே ஏறி, மன்னார் வளைகுடாவில் பலமிழந்து நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்தே எங்களை நனைத்தது.

2024 நவம்பர் கடைசி வாரத்தை நான் மறக்கமாட்டேன். விடியப்புறம் எழுந்து முற்றத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். கிணற்றடிக்குப் போனேன். வழக்கமாகக் கயிறு விட்டு அள்ளுகிற கிணறு, அன்று கட்டுக்கு ஒரு சாண் கீழே நீர் தளதளத்துக்கொண்டிருந்தது, குனிந்து செம்பால் கோலலாம். கோலவில்லை, பக்கத்து வளவுக் கழிவறைக் குழியும் அதே வெள்ளத்தில்தான் நின்றது. அம்மிக்கு மேல் பூனை ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் அந்தத் தொகுதிக்குப் பெயரே இல்லை, ஆழ்ந்த தாழமுக்கம் மட்டும். ஒழுங்கையில் வெள்ளம் நின்ற பிறகு, 29ஆம் திகதிதான் டெல்லி அதற்கு ஃபெங்கல் என்று பெயர் வைத்தது. மறுநாள் அது புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அங்கே ஒரே நாளில் 45 சென்ரிமீற்றருக்கும் மேல் மழையை இறக்கியது.

61க்கும் 62க்கும் இடையில் இருக்கிற அந்த ஒரு கிலோமீற்றருக்காகக் காத்திருந்தவர்கள் தளபாடத்தை உயர்த்துவதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.

அப்படியானால் அறிக்கையில் எதைப் பார்ப்பது?

மழையளவு எதிர்பார்ப்பு, நகரும் வேகம், ஏற்கனவே பெய்திருக்கிற மழை, கடலுக்குப் போகிறவர்கள் கடல் அறிக்கை. 24 மணிநேரத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் என்று வாசித்தால் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தேடாமல், காணி உறுதி, அடையாள அட்டை, மருந்து எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள், கிணற்றுத் தண்ணீரை வெள்ளம் வற்றி இறைத்து மருந்து போடும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

'மினி சூறாவளி' என்று செய்தியில் வருகிறதே, அது எந்தப் படி?

எந்தப் படியும் இல்லை. இடிமுகிலில் இருந்து ஐந்து பத்து நிமிடம் ஆவேசமாக இறங்கி, நாலு கூரையைத் தூக்கிவிட்டுப் போகும் உள்ளூர்க் காற்றுக்குப் பத்திரிகை கொடுத்த பெயர். சூறாவளியின் குட்டி அல்ல, வேறு சாதி. டெல்லியும் இதற்குப் பெயர் வைக்காது.

கரை கடந்தால் ஆபத்து முடிந்ததா?

கரை கடப்பது என்பது மையம் தரைக்கு ஏறுவது மட்டும். புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம். மையம் கடந்தபின்னும் பின்பக்க முகில் கொட்டிக்கொண்டிருக்கும். கண் உள்ள பெரும் புயல் என்றால் நடுவில் காற்று திடீரென்று அடங்கும், வானம் வெளிக்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அந்த அமைதியில் வெளியே வந்து சாய்ந்த வாழையை நிமிர்த்தப் போனவர்கள் அகப்படுவார்கள்.

ஒரு பெயர் திரும்ப வருமா?

எங்கள் பக்கம் வராது, ஒரு பெயர் ஒரு தடவைதான். அத்திலாந்திக்கில் ஆறு பட்டியலைச் சுழற்சியில் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் 21 பெயர், ஆறு வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர்கள் திரும்பும். பேரழிவு செய்ததை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். 2005இல் நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரினாவின் இடத்துக்குக் கத்தியா வந்தாள். பெயர் தீர்ந்தால் முன்பு கிரேக்க எழுத்துகளைச் சொன்னார்கள், 2020இல் அது குழப்பமாகிப் போனதால் 2021இல் கைவிட்டுவிட்டார்கள்.

வேறு கடலில் பெயர் பெற்று எங்கள் கடலுக்குள் நுழைகிற புயல் பழைய பெயரையே வைத்திருக்கும். 2019 ஜனவரியில் தென்சீனக் கடலிலிருந்து அந்தமான் பக்கம் வந்த 'பாபுக்' அப்படி. லாவோஸ் கொடுத்த மீன் பெயர்.

பட்டியலில் தமிழ்ப் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது. டித்வாவுக்கு அடுத்தபடியாகப் பட்டியலில் நிற்பவை அர்ணப், முரசு, அக்வான், கானி. அந்த 'முரசு' எங்கள் முரசுதான், இந்தியா கொடுத்தது. இந்தியாவின் வரிசையில் இன்னும் கீழே 'நீர்' என்றும் ஒன்று உண்டு. இலங்கையின் வரிசையில் ககன, கர்ஜன, விதுலி என்று இருக்கின்றன. முதல் இரண்டும் ககனம், கர்ஜனை என்று எங்களுக்கும் புரியும், மூன்றாவது சிங்களத்தில் மின்னல். முரசு வரும் வருடம் குறைந்தபட்சம் உச்சரிப்புக் கேட்டு எனக்கு யாரும் அழைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் செய்தியறையில் அதையும் ஆங்கிலத்தில் பார்த்து 'முராசு' என்று எழுத ஒருவர் இருப்பார்.